கொடியில் ஒரு சட்டை குறைவு

ஜன்னல் இல்லாத சுவரில் ரொஹைசா திரைச்சீலை மாட்டினாள். மறுநாள், பெருநாள் காலையில், அதை விலக்கியபோது அங்கே ஜன்னல் இருந்தது. தைப்பிங்கில், தாமான் செம்பாக்கா குடியிருப்பின் கடைசி வரிசையில், இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டிய நடு வீடு அவளுடையது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுச் சீனர் யாப் அங்கிளின் கூடம். முறைப்படி பார்த்தால் ஜன்னல் வழியாக அவருடைய தொலைக்காட்சியும் சாய்வு நாற்காலியும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது ஒரு புல்தரையும், இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணிக்கொடியும். ஊரில் வழக்கம்போல மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிற்பகல் வெயில் அடித்தது.

சுவருக்குத் திரை மாட்டியது ஏன் என்று கேட்பீர்கள், பிள்ளைகளே. பெருநாள் வந்தால் வீட்டுக்கு வண்ணம் அடித்துப் புதுத் திரை மாட்டாத மலாய் வீடு எங்கள் வரிசையில் கிடையாது. ஆனால் ரொஹைசாவுக்கு வீட்டை அலங்கரிப்பதில் இருந்த ஆசைக்கு அந்த ஒரு வீடு போதவில்லை. இடுப்பில் ஒரு பிள்ளையும் காலடியில் ஒரு பிள்ளையுமாக அவளே ஏணியில் ஏறி வண்ணம் அடிப்பாள். சின்னவன் உமைர் ஒருநாள் பச்சை வண்ணத் தட்டில் கால் வைத்து நடைவழி முழுக்க நடந்துவிட்டான். அவனை அடிக்காமல், ஒவ்வொரு பாதத் தடத்துக்கும் காம்பு வரைந்து, அதை வாசல் வரை ஓடும் கொடியாக மாற்றினாள். அந்த வருஷம் திரைக்கு வாங்கிய துணியில் ஒரு ஜன்னலுக்கான அளவு மிஞ்சியது. நடு வீடென்றால் கூடத்தின் மையம் எப்போதும் இருட்டுத்தான். வெறும் சுவரில் திரை மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும் என்று ஏதோ பத்திரிகையில் பார்த்திருந்தாள். அவள் அபாங் என்று கூப்பிடும் கணவன் கமருல் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன், எதையும் யோசித்துச் செய்கிறவன். துளை போடும் கருவியோடு சுவர் முன் நின்று யோசித்தான்.

"ஜன்னல் இல்லாத இடத்துல திரையா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"நீங்க ஓட்டையைப் போடுங்க அபாங். சிரிக்கறவங்களுக்கு நான் பலகாரம் குடுத்துக்கறேன்."

ஜன்னல் வந்த காலையில் மூத்தவள் பல்கிஸ் ஓடிப்போய் யாப் அங்கிளிடம் சொன்னாள். அவர் தன் பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "என் பக்கம் சுவர்தான். நாட்காட்டி தொங்குது, ஆணிகூட ஆடல," என்றார். திரைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "வெயில் நல்லா இருக்கு. இந்த ஊருக்கு இது வேணும்," என்று சொல்லிவிட்டு, ரெண்டாங் கறியும் கெத்துப்பாட் சோறும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போனார். பெருநாள் விடுமுறை முடிந்ததும் கமருல் கம்பி போட ஆள் அழைத்து வந்தான். எங்கள் ஊரில் கம்பி இல்லாத ஜன்னலோடு யாரும் தூங்க மாட்டார்கள். திருகாணி முடுக்கக் கையை வெளியே நீட்டிய கம்பிக்காரன் சட்டென்று உள்ளே இழுத்து, தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தான். "அந்தப் பக்கம் யாரோ இப்பத்தான் துவைச்சிருக்காங்க," என்றான். சவுக்கார மணம் கூடம் வரை வந்தது.

அங்கே ஆள் யாரையும் பெரியவர்கள் கண்டதில்லை. சத்தமும் கிடையாது. கொடிக்குக் கீழே புல் மட்டும் அவ்வப்போது மிதிபட்டது போல மடங்கும், கொஞ்ச நேரத்தில் மெல்ல நிமிரும். ரொஹைசா ஜன்னல் ஓரத்தை வெள்ளை அடித்து, கீழே பலகை வைத்து, பிள்ளைகள் எழுதவும் வரையவும் இடம் செய்து கொடுத்தாள். உமைர் வண்ணக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சில சமயம் வெளியே கையசைப்பான்.

"யாருக்குடா?"

"துணி காயப் போடுறவங்களுக்கு."

"எப்படி இருக்காங்க?"

"குனிஞ்சே இருக்காங்கம்மா. மூஞ்சி தெரியல."

அதற்கப்புறம் ரொஹைசா அந்தத் திரையை மூடி வைக்கத் தொடங்கினாள். ஆனாலும் பகலில் ஒரு தடவையாவது விலக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெருநாள் பலகார டப்பாக்கள் காலியாகும் சமயத்தில் கொடியில் துணிகள் வந்திருந்தன. எல்லாம் கத்தரிப்பூ நிறம். கமருல் அளவுக்கு ஒரு சட்டை, ரொஹைசா அளவுக்கு ஓர் உடை, பின்கட்டு அறையில் தங்கியிருந்த கமருலின் சித்தப்பா ஹம்சாவின் தோள் அகலத்துக்கு இன்னொரு சட்டை, பிள்ளைகளுக்கு இரண்டு. பெருநாளுக்கு வீட்டில் எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்துவது வழக்கம் என்பதால் அது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்தது. பிள்ளைகளின் உடைகள் அப்போதைய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக, அடுத்த வருஷத்துக்குச் சரியாக இருந்தன. வரிசையின் கடைசியில் ஒரு சாண் நீளத்தில் ஒரு சட்டை. அதைப் பார்த்த ரொஹைசா ஏணி மேல் உட்கார்ந்து விரல்விட்டு நாள் எண்ணினாள். அப்படித்தான் மூன்றாவது பிள்ளை லுக்மான் வரப்போவது அவளுக்கே தெரிந்தது.

துணிகள் வருஷம் முழுக்கக் கொடியில் கிடந்தன. அத்தனை வெயிலிலும் காயவில்லை, நுனியில் சொட்டிக்கொண்டே இருந்தன. பெருநாள் நெருங்க நெருங்க ஈரம் குறைந்து, பெருநாள் காலையில் கொடி வெறுமையாக இருந்தது. அந்த வருஷம் வேறு நிறத்தில் துணி எடுக்க வேண்டும் என்றுதான் கமருல் கடை கடையாக ஏறி இறங்கினான். எல்லாருக்கும் போதுமான அளவு கத்தரிப்பூ மட்டும்தான் கிடைத்தது. பிறகு அவன் வேறு நிறம் தேடுவதை விட்டான். எங்கள் வரிசைப் பெண்களும் புதுத் துணி எடுக்கும் முன் ரொஹைசா வீட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள்.

அடுத்ததாகக் கொடியில் வந்த பாக்கு நிறத் துணிகளில் ஹம்சா சித்தப்பாவின் சட்டை இல்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "என் தொப்பைக்கு அங்க துணி பத்தல போல. இந்தத் தடவை லுங்கியோடதான் பெருநாள்," என்றார். நோன்பு பிறக்கும் முன்னால் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்த யாரும் அந்தத் திரையின் பக்கம் திரும்பவில்லை. எல்லாருக்கும் ஒரே நினைப்புத்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இதற்குப் பிறகு வருவதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், பிள்ளைகளே. மறு வருஷத் துணிகள் மயில் கழுத்து நிறத்தில் வந்தன. முதலில் பார்த்தவள் பல்கிஸ்தான். அவளுக்கு அப்போது ஏழு வயது. எண்ணிப் பார்ப்பதில் பெருமை. கொடியை ஒரு தடவை எண்ணினாள், மறுபடி எண்ணினாள், சமையலறைக்கு வந்து, "அம்மா, தம்பிக்கு மட்டும் சட்டை போட மறந்துட்டாங்க," என்றாள். ரொஹைசா கையைத் துடைக்காமலே போய்ப் பார்த்தாள். கமருலுடையது, அவளுடையது, பல்கிஸுடையது, உமைருடையது. அதற்கப்புறம் வெறும் கயிறு. லுக்மான் பலகைக்கு அடியில் உட்கார்ந்து சுவருக்கு வண்ணம் தொடும் தூரிகையைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது நடையே சரியாக வரவில்லை.

கமருல் அன்று பேருந்தை விட்டு இறங்கியதும் செங்கல்லும் சிமெண்டும் வாங்கி வந்து வாசலில் இறக்கினான்.

"அடைச்சிடுவோம். இன்னிக்கே அடைச்சிடுவோம்."

"அடைச்சா நடக்காம போயிடுமா அபாங்? நமக்குத் தெரியாம நடக்கும். அவ்ளோதான்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"தைக்கறேன்," என்றாள் ரொஹைசா.

அதே மயில் கழுத்து நிறத் துணியை ஈப்போ வரை போய் வாங்கி வந்தாள். லுக்மானுக்கு அடுத்த பெருநாளுக்கு என்ன அளவு இருக்கும் என்று கணித்து ஒரு சின்னப் பாஜு மெலாயு சட்டை தைத்தாள். யாப் அங்கிளின் ரம்புத்தான் பறிக்கும் கழியை இரவல் வாங்கி, அதன் கொக்கியில் சட்டையை மாட்டி, கம்பி வழியாக நீட்டிக் கொடியில் போட்டாள். மறுநாள் காலையில் சட்டை ஜன்னலின் உள்பக்கம், பலகை மேல் இருந்தது. துவைத்து, தேய்த்து, நான்காக மடிக்கப்பட்டிருந்தது. காற்றில் பறந்து வந்த துணியை அக்கம்பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுப்போமே, அப்படி. அவள் மறுபடி போட்டாள். மறுபடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. இந்தத் தடவை மேல் பித்தானில் அவள் விட்டிருந்த பிசிறு நூலும் வெட்டப்பட்டிருந்தது. அந்த மரியாதையைப் பார்த்த பிறகுதான் ரொஹைசா கழியைக் கீழே வைத்தாள்.

அன்று முழுக்க அவள் சோறு வடிக்கவில்லை. மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். யார் உடுத்துவார்கள், யார் உடுத்த மாட்டார்கள் என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் சின்னப் பையன் சட்டைக்கு ஆள் இல்லை என்று தெரிந்துதான் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படியானால் அவர்களுக்கு அடையாளம் தெரியாத அளவில் தைக்க வேண்டும். எந்தத் தாயும் பெருநாள் சட்டையைப் பிள்ளை அளவுக்குத் தைப்பதில்லை, வளர்கிற பிள்ளை என்று ஒரு விரல் கூட்டித்தான் தைப்பாள். கூட்டுவது என்று வந்துவிட்டால் ஒரு விரலோடு ஏன் நிற்க வேண்டும் என்று ரொஹைசாவுக்குத் தோன்றியது. லுக்மானை இடுப்பில் வைத்துக்கொண்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு யாப் அங்கிள் வீட்டுக்குப் போனாள்.

"அங்கிள், கொஞ்சம் எழுந்து நில்லுங்க. அளவு எடுக்கணும்."

"எனக்கு எதுக்கும்மா பாஜு மெலாயு? உங்க பள்ளிவாசல்ல என்னைச் சேத்துக்கப் போறாங்களா?"

"உங்களுக்கு இல்ல. இவனுக்கு."

யாப் அங்கிள் லுக்மானின் பிஸ்கட் வடியும் வாயைப் பார்த்தார். பிறகு தன் தொப்பையைப் பார்த்தார். ஒன்றும் புரியாவிட்டாலும் எழுந்து, அளவெடுக்க நிற்பது போல நெஞ்சை நிமிர்த்தினார்.

"நிமிராதீங்க. எப்பவும் நிக்கற மாதிரியே நில்லுங்க. கூன் அப்படியே இருக்கட்டும்."

"ஐம்பது வருஷம் என் பொண்டாட்டி, நிமிர்ந்து நில்லு, நிமிர்ந்து நில்லுன்னே செத்துப் போனா. கூனி நில்லுன்னு சொன்ன முதல் பொம்பளை நீதான்."

"உங்களுக்கு வயசு என்ன அங்கிள்?"

"எண்பத்து நாலு. எங்க சீனக் கணக்குல எண்பத்தஞ்சு."

"சீனக் கணக்கே இருக்கட்டும்," என்றாள் ரொஹைசா.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நாடா அவர் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரை, நாட்காட்டி தொங்கிய இடத்தை, ஒரு தடவை பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்தார். "இவ்ளோ வச்சுக்கோ. தொண்ணூறுல இன்னும் வளையும்," என்றார். குனிந்தபடியே, அவள் அளந்து முடிக்கும் வரை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கூன் விழுந்த உடம்புக்குத் தைக்கும்போது பின்பக்கத்தை நீளமாகவும் முன்பக்கத்தைக் குட்டையாகவும் வெட்ட வேண்டும். வயிற்றுக்கு அகலம் விட வேண்டும். கைகள் முன்னால் தொங்குவதால் தோளையும் முன்னால் இழுக்க வேண்டும். அப்படித் தைத்த சட்டையைத் தரையில் விரித்தபோது அது பார்க்கவே கோணலாக இருந்தது. உமைர் அதற்குள் நுழைந்து, மறு கை வழியாக வெளியே வந்தான். ரொஹைசா கடைசியாகக் கழுத்துப்பட்டையின் உள்பக்கம், பள்ளிச் சட்டைக்குத் தைப்பது போல, சிவப்பு நூலில் லுக்மான் என்று தைத்தாள். கழியில் மாட்டிக் கொடியில் போட்டாள். உலர்ந்த துணிதான் போட்டாள். கொடியைத் தொட்டதும் சொட்டத் தொடங்கியது. கொடிக்குக் கீழே புல் மடங்கியது. அது நிமிர வெகுநேரம் ஆயிற்று. பல்கிஸ் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் சட்டை திரும்பி வரவில்லை. கனமான துணி என்பதால் அதற்கு இன்னொரு துணிக் கவ்வியும் போடப்பட்டிருந்தது.

நோன்பு மாதத்தில் லுக்மானுக்கு டெங்கி வந்தது. ஒரே வாரத்தில் பிள்ளை துணியைப் போலத் துவண்டான். மருத்துவமனையில் இரத்த அணுக்கள் இறங்குகின்றன, இறங்குகின்றன என்றுதான் காலையும் மாலையும் சொன்னார்கள். ரொஹைசா கட்டில் பக்கத்தில் இருந்தாள். கமருல் மற்ற இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருந்தான், திரையை முழுக்க விலக்கிவிட்டு, ஜன்னலுக்கு நேரே நாற்காலி போட்டு. அவள் மருத்துவமனைத் தொலைபேசியிலிருந்து அழைப்பாள்.

"கொடியில இருக்கா?"

"இருக்கு."

"சொட்டுதா?"

"சொட்டுது."

"பாத்துக்கிட்டே இருங்க அபாங்."

வேறெதுவும் பேச மாட்டார்கள். அப்படியிருந்த ஒரு பிற்பகல், வெளியே மழை, உள்ளே அந்த வெயில். கொடியில் கிடந்த சட்டையின் கழுத்துப்பட்டை தானாக மடங்கி, உள்பக்கம் வெளியே தெரியத் திரும்பியது. காற்று இல்லை. சிவப்பு எழுத்து வெயிலில் பளிச்சென்று நின்றது. யாரோ கிட்டத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பது போல, பட்டை மெல்ல ஏறி இறங்கியது. இரண்டு கவ்விகளில் ஒன்று கழன்றது. அந்தக் கழன்ற கவ்வி புல்லில் விழவில்லை, அந்தரத்தில் நின்றது.

கமருல் நோன்பு வைத்து ஒரு பொய் சொன்னதில்லை. பேருந்துப் பிள்ளைகளிடம்கூட, போக்குவரத்து நெரிசல் என்று சும்மா சொல்ல மாட்டான். அவன் எழுந்து கம்பியில் வாயை வைத்து, பெரியவர்களிடம் பேசும் குரலில் பேசினான்.

"அது எங்க தாத்தாவோட சட்டைங்க. அவர் பேரைத்தான் பிள்ளைக்கு வச்சிருக்கோம். பின்னால நீளமா இருக்கு பாருங்க, அவருக்குக் கூனு. பெருநாளைக்கு வேணும்னு ஆசையா தைக்கச் சொன்னார். அப்படியே விட்டுடுங்க. தயவு பண்ணுங்க."

கமருல் நெற்றியைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. பின்னால் நின்ற உமைர்தான் அப்புறம் சொன்னான், அவங்க நிமிர்ந்து அப்பாவைப் பாத்தாங்க என்று. மூஞ்சி எப்படி இருந்தது என்று அன்றும் கேட்டார்கள், பிறகும் பல வருஷம் கேட்டார்கள். உமைர் சொன்னதில்லை. கழுத்துப்பட்டை பழையபடி மடங்கியது. கவ்வி தன் இடத்துக்குப் போய்க் கடித்தது. யாரோ சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டது போல, மேலிருந்து கீழே ஒரு வரி ஓடியது.

அன்று நோன்பு திறக்கும் நேரத்துக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அணுக்கள் ஏறத் தொடங்கியிருந்தன. பிள்ளை பால் கேட்டான். பெருநாளுக்குள் வீட்டுக்கு வந்து, ரொஹைசா புதிதாக அடித்திருந்த மஞ்சள் சுவரில் கஞ்சிக் கையை வைத்துத் தேய்த்தான். அவள் அந்தக் கறையை அழிக்கவே இல்லை. கமருல் தான் சொன்ன பொய்க்காகப் பின்னால் ஒரு நோன்பு கூடுதலாக வைத்தான். வாங்கிய செங்கல்லை வீணாக்காமல் வாசலில் செம்பருத்திக்குப் பாத்தி கட்டினார்கள்.

அந்தப் பெருநாள் காலையில் கொடியிலிருந்த மற்ற உடைகள் வழக்கம்போல எடுக்கப்பட்டிருந்தன. கோணல் சட்டை மட்டும் அங்கேயே சொட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் கொடியில் பச்சை வந்தது, ரோஜா வந்தது, சாம்பல் நிறம் வந்தது. லுக்மானுக்கென்று அவர்கள் எதையும் போடவில்லை. அவனுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள் போல. அவன் மழைக்கால்வாயில் விழுந்து அடுத்த தெருவில் கரையேறினான். பதினேழு வயதில் மோட்டார் சைக்கிள் லாரிக்கு அடியில் போனது, அவன் சாலையோரம் கீறலில்லாமல் நின்றான். ரொஹைசா ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டிவிட்டு, திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைப்பாள். எங்களுக்கும் ஆளுக்கொன்று அப்படித் தைத்துப் போடேன் என்று கமருல் ஒரு பெருநாளில் கேட்டான். "கொடி தாங்காது அபாங். அங்க இருக்கறவங்களும் முட்டாள் இல்ல," என்றாள். யாப் அங்கிள் தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்து, தூக்கத்தில் போனார். சவப்பெட்டி வாசலைத் தாண்டும்போது அழுத ரொஹைசா, தொண்ணூற்றிரண்டு வயசு அளவையே வாங்கியிருக்கலாம் என்றும் சொன்னாள். அதைக் கேட்டு அவருடைய மகன்கள் கோபிக்கவில்லை.

போன பெருநாளுக்கு லுக்மான் ஜொகூரிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தான். சுஹைலா என்று பெயர், பல் மருத்துவமனையில் வேலை. நிச்சயம் பண்ணுவதற்கு முன் வீட்டைப் பார்க்க வந்திருந்தாள். ரொஹைசா புதுத் திரைகளைக் காட்டினாள், தானே ஒட்டிய சமையலறை ஓடுகளைக் காட்டினாள், தரையில் ஓடும் பாதக் கொடியைக் காட்டினாள். கூடத்தின் நடு ஜன்னலுக்கு வந்ததும் அந்தப் பெண்ணே திரையை விலக்கினாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. எல்லாரும் சாப்பாட்டு மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரோட சட்டை அது? ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கு."

"என்னோடது," என்றான் லுக்மான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அகன்ற தோளையும், தொப்பை இல்லாத வயிற்றையும், நேரான முதுகையும் பார்த்தாள். மறுபடி கொடியைப் பார்த்தாள். கீழே புல் மடங்கியிருந்தது.

"இன்னும் காயலம்மா," என்றாள் ரொஹைசா. "மெதுவா காயட்டும்."

"ஆமா, அவசரம் ஒண்ணும் இல்ல," என்று சொல்லி சுஹைலா திரையை இழுத்து மூடினாள். ரெண்டாங் ஆறுவதற்குள் வந்து உட்காரும்படி கமருல் கூப்பிட்டான்.